கடலூரிலேயே இருப்பதா, புதுச்சேரிக்கு மாறுவதா: தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்குப் பள்ளியும் பயிற்சியும்

என் மகனுக்கு ஆறு வயது நிறையும் தறுவாயில், தசைகள் ஆண்டுக்காண்டு தளர்ந்துகொண்டே போகும் டுசென் தசைச்சிதைவு நோய் இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாயிற்று. தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே பிடித்து ஏறுவதுபோல் கையூன்றி எழுவதையும், வயதுக்கு மீறிப் பருத்திருந்த கெண்டைக்கால்களையும் அதற்கு முன் இரண்டாண்டுகளாக நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கால்களைக் கண்டு பேரன் பெரிய கால்பந்தாட்டக்காரனாக வருவான் என்று என் தகப்பனார் பெருமைப்பட்டதும் உண்டு. நோயின் பெயர் தெரிந்த வாரத்திலேயே உறவினர் எல்லோரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: கடலூரில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள், புதுச்சேரிக்குக் குடிபோய்விடுங்கள், ஜிப்மர் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கலாம். அது இருக்கும் கோரிமேட்டில் இரண்டு வீடுகளைப் பார்த்து, ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்த் திரும்பி வந்தோம். அந்த ஓராண்டில் நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டோம், எங்கே தவறாகக் கணக்குப் போட்டோம் என்பதை இதே இடத்தில் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். பையனுக்கு இப்போது பத்து வயது. சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறான்.

முதலில் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இடம் மாறச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இந்த நோய்க்கு மருத்துவமனை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேவை என்ற கேள்வியை எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் வெகுநாள் கேட்டுக்கொள்ளவில்லை. பையன் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான். அது நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித் தருகிறது, ஆனால் எடை, உயரம், எலும்பு, கண், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. இதயத்துக்கு ஆண்டுதோறும் எக்கோ என்ற ஒலியலைப் படம் எடுக்க வேண்டும். நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். மூட்டுகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதை அளந்து குறிக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு பெரிய மருத்துவமனையில் நரம்பியல், குழந்தை நலம், இதயவியல், உடலியல் மறுவாழ்வு ஆகிய துறைகள் ஒன்றாக இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். அந்த வகையில் எங்கள் பக்கத்துக்கு ஜிப்மரை விட்டால் வேறில்லை. ஆனால் நடக்கும் பருவத்தில் இதற்காகப் போக வேண்டியது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாக விடியற்காலையில் புறப்பட்டால் புறநோயாளிச் சீட்டு போடும் நேரத்துக்குக் கோரிமேட்டில் இருக்கலாம். மாநில எல்லையும் இதற்குத் தடையில்லை. ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம், கடலூர், விழுப்புரம் மாவட்டத்து மக்கள் அங்கே காலங்காலமாகப் போய் வருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் பயணத்தை மிச்சப்படுத்துவதற்காக வீட்டையும் பள்ளியையும் மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது என்பது எங்களுக்கு இப்படித்தான் விளங்கியது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நரம்பு, தசை நோய்கள் எல்லாம் ஒன்றல்ல. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய் உள்ள கைக்குழந்தைக்கு மூச்சும் விழுங்குதலும் முதல் ஆண்டிலேயே சிக்கலாகலாம். அந்தக் குடும்பத்துக்கு மருத்துவமனை பக்கத்தில் இருப்பது உயிர்ப் பிரச்சினை. அதேபோல் டுசென் நோயிலும் நடை நின்று, முதுகு வளைந்து, இரவில் மூச்சுக் கருவி தேவைப்படும் பருவம் வரும்போது தூரத்தின் கணக்கு மாறும். நான் சொல்வது நடந்துகொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளையைப் பற்றி.

உதவித்தொகையைப் பொறுத்தவரை முடிவு எளிதானது. தமிழ்நாட்டில் தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையாக 2,000 ரூபாய் தருகிறார்கள்; பேட்டரி சக்கர நாற்காலிக்கும் தனித் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். புதுச்சேரி அரசுக்கும் தனக்கென்று திட்டங்கள் உண்டு என்றாலும் அவை அங்கே குடியிருப்போருக்கானவை. கடலூர்க்காரர் குடிபெயர்ந்தால் ஒரு பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் குடியிருப்புச் சான்றிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பக்கம் இருந்தாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தசைச்சிதைவு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஒன்று; ஆயினும் பல உரிமைகள் 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ளவர்களுக்கே கிடைக்கின்றன. நடக்கும் பிள்ளைக்கு முதல் மதிப்பீட்டில் சதவீதம் குறைவாக விழ வாய்ப்புண்டு. நோய் கூடிக்கொண்டே போவது என்பதால் மறுமதிப்பீடு கேட்பதில் தவறில்லை. இன்னொன்று, நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள் என்று பலர் சொல்வார்கள். அது புற உலகச் சிந்தனைக் குறைபாடு (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது, தசைச்சிதைவு மட்டும் இருந்தால் பொருந்தாது. இதற்காக நான் ஒரு வாரம் அலைந்தேன்.

பள்ளிதான் உண்மையான தேர்வு. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: வீட்டருகே உள்ள அரசுப் பள்ளி, நகரத்தின் பெயர்பெற்ற தனியார் பள்ளி, புதுச்சேரியில் உள்ள சிறப்புப் பள்ளி, வீட்டிலிருந்தே படிப்பது. சட்டத்தை முதலில் படித்துவிட்டுப் போவது நல்லது. 6 முதல் 18 வயது வரை 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு அண்டையிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை இருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும் பாகுபாடின்றிச் சேர்த்து, கட்டடத்தையும் கழிப்பறையையும் பிள்ளை பயன்படுத்தத் தக்கதாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

தனியார் பள்ளியில் எங்களுக்குக் கிடைத்த அனுபவம் கசப்பானது. எந்தப் பள்ளி என்று சொல்வதில் பயனில்லை. சேர்க்கைக்கு மறுப்புச் சொல்லவில்லை, மாறாக, பையன் எங்கே விழுந்தாலும் பள்ளிக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றாம் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. வகுப்பைக் கீழே கொண்டுவர முடியுமா என்று கேட்டபோது, "ஒரு பிள்ளைக்காக அறுபது பிள்ளைகளை மாற்ற முடியுமா சார்?" என்ற பதில் வந்தது. நல்ல ஆய்வகமும் ஆங்கிலப் பேச்சும் அங்கே உண்டு, ஆனால் படிக்கட்டில் ஏறி இறங்குவதே இந்த நோயில் தசையைச் சேதப்படுத்தும் வேலை, குறிப்பாக இறங்குவது. அந்தப் பள்ளியை நாங்கள் அன்றே விட்டோம்.

சிறப்புப் பள்ளிகள் கடலூரைவிடப் புதுச்சேரியில் வளமாக உள்ளன என்பது உண்மை. 2003ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சத்யா சிறப்புப் பள்ளியை இந்தப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. ஒரே கூரையின் கீழ் பயிற்சியும் பாடமும் கிடைப்பது சிறிய நன்மையன்று. ஆனாலும் சிறப்புப் பள்ளி யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டுசென் நோயில் குறைபடும் புரதம் மூளையிலும் வேலை செய்வது என்பதால், கணிசமான பிள்ளைகளுக்குப் படிப்பதிலும், சொன்னதை நினைவில் நிறுத்துவதிலும், கவனத்திலும் சிரமம் இருக்கிறது. சிலருக்குப் புற உலகச் சிந்தனைக் குறைபாடும் சேர்ந்து வரும். அப்படி அறிவுத்திறனிலோ பேச்சிலோ பெரிய தேவை உள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி பொருந்தும். கால் மட்டும் தளர்ந்து, தன் வயதுப் பாடத்தைத் தன் வேகத்தில் படிக்கும் பிள்ளையை அங்கே சேர்ப்பது, சரிவுப்பாதை கட்டாத பள்ளிக்கு நாம் செய்யும் சலுகையாகிவிடும். எங்கள் மகனுக்கு வாய்ப்பாடு மனத்தில் நிற்பதில்லை, கதை நிற்கிறது. அதற்கு ஒரு சிறப்பாசிரியர் போதும்.

வீட்டிலிருந்தே படிக்கும் வழியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடும் குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது; அந்தத் தேர்வு பிள்ளையுடையது, பள்ளியுடையது அன்று. "வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், டீச்சர் வந்து சொல்லித் தருவாங்க" என்று யாராவது அக்கறையோடு சொன்னால், கழிப்பறைக் கதவு எத்தனை அகலம் என்று திரும்பக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களுக்கும், மூச்சுத் திணறல் உள்ள பிற்பருவத்துக்கும் வீட்டுவழிக் கல்வி அருமையான ஏற்பாடு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நண்பர்களை இழப்பதற்கான ஏற்பாடு.

எஞ்சியது அண்டைப் பள்ளி. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து எண்ணூறு அடி தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சேர்த்த முதல் மாதத்தில் பையன் மாலையில் வரும்போது தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே திரும்பி வந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்துக் கண்டித்தோம். ஒரு நாள் அவன் அம்மா மெதுவாகக் கேட்டபோதுதான், "தண்ணி குடிச்சா பாத்ரூம் வருதும்மா, அங்க உக்காந்தா எழுந்துக்க முடியல" என்றான். குந்தி உட்காரும் கழிப்பறை. பிடித்து எழக் கம்பி இல்லை. நண்பனைக் கூப்பிட வெட்கம். சரிவுப்பாதை இருக்கிறதா, ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்த நான் கழிப்பறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. எந்தப் பள்ளியை ஒப்பிட்டாலும் தலைமையாசிரியர் அறைக்கு முன் அங்கே போங்கள்.

தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது, ஆனால் வேலை நடந்தது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வந்து பார்த்து எழுதினார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நானும் பேசினேன். இரண்டு மாதத்தில் மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றும் இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியும் வந்தன. நான்காம் வகுப்பு மாடிக்குப் போக இருந்ததை ஐந்தாம் வகுப்போடு மாற்றிக் கீழேயே வைத்தார்கள். அரசுப் பள்ளியின் பலவீனம் எல்லோரும் அறிந்ததே: சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளைச் சுற்ற வேண்டியிருக்கிறது, எங்கள் பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தால் பெரிது. ஆனால் கேட்டால் நகரும் ஓர் அமைப்பு அங்கே இருக்கிறது, கேட்க வேண்டிய இடமும் தெரிகிறது. தனியார் பள்ளியில் நான் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் நின்றேன்.

புதுச்சேரிக்கு மாறினால் பாடத்திட்டமும் மாறும் என்பதை நாங்கள் பிந்தியே கவனித்தோம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024-25ஆம் கல்வியாண்டோடு முழுமையாக சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, கடலூரில் மாநிலப் பாடத்திட்டம். தேர்வுச் சலுகைகளில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம், மொழிப் பாடத்தில் விலக்கும் உண்டு. வேறுபாடு பிள்ளையின் சுமையில்தான். தமிழ்வழியில் தட்டுத்தடுமாறி நிலைபெற்றுவிட்ட ஒருவனை நடுவில் வேறு பாடத்திட்டத்துக்கு மாற்றுவது, கால் தளரும் அதே ஆண்டுகளில் இன்னொரு சுமையை ஏற்றுவது. முதல் வகுப்பிலேயே மாறுவதானால் இந்த மறுப்புக்கு இடமில்லை.

இனிப் பயிற்சி. இதில்தான் நாங்கள் மிகவும் ஏமாந்தோம். பிசியோதெரபி என்றால் உடற்பயிற்சி, உடற்பயிற்சி என்றால் பலம் என்பதுதான் நம் எல்லோருடைய நினைப்பும். நோய் தெரிந்த புதிதில் ஒரு தனியார் மையத்துக்கு வாரம் ஐந்து நாள் அழைத்துப் போனோம். தசைக்குப் பலமேற்ற வேண்டும் என்று காலில் மணல்மூட்டை கட்டிப் படியேறி இறங்கச் செய்தார்கள். மூன்றாம் நாள் பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் காலை சிறுநீர் கோலா நிறத்தில் போயிற்று. தசை உடைந்து இரத்தத்தில் கலந்ததன் அடையாளம் அது என்று ஜிப்மரில் விளக்கினார்கள். டுசென் நோயில் எடை தூக்குவது, குதிப்பது, படி இறங்குவது, களைக்கும் வரை செய்யவைப்பது எல்லாம் தீங்கு. அளவான நடை, நீரில் மிதந்து ஆடுவது, மூட்டு இறுகாமல் இழுத்துவிடுவது ஆகியவையே பயிற்சி. ஆகவே மையங்களை ஒப்பிடும்போது கருவிகளைப் பார்க்காதீர்கள், "தசைச்சிதைவுப் பிள்ளைக்கு என்னென்ன செய்ய மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரே நமக்கு உரியவர்.

கடலூரில் இதற்கு இலவசமாக இரண்டு இடங்கள் உண்டு. வட்டார வள மையத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் குறிப்பிட்ட நாட்களில் பார்க்கிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வசதியும் இருக்கிறது. இவை எவையும் தினசரி கிடைப்பவை அல்ல. புதுச்சேரியில் குடியிருந்தாலும் ஜிப்மரில் தினசரி இடம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அங்கே மறுவாழ்வுத் துறையில் பார்த்த சிகிச்சையாளர் எங்களிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், நாங்க செய்யறது பார்க்கறதும் அளக்கறதும்தான். சிகிச்சை உங்க வீட்டு வராந்தாவுல நடக்கணும்."

அப்படித்தான் நடக்கிறது. இரவு உணவுக்கு முன் பாயை விரித்துப் பையனைப் படுக்க வைப்பேன். முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையின் உள்ளங்கையில் குதிகாலை ஏந்தி, என் முன்கை அவன் பாதத்தின் அடியில் படிய, பாதத்தை மெல்ல அவன் முகத்தை நோக்கித் தள்ள வேண்டும். இழுபடுவது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. முப்பது எண்ணுவான், சில நாள் இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குத் தாவுவான், நானும் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. பிறகு தொடையின் பின்பகுதி, இடுப்பு. இருபது நிமிடம். பிறகு பாதத்தை நேராக நிறுத்தும் பிளாஸ்டிக் பட்டையை அணிந்து தூங்குகிறான். அதைப் பகலில் போட்டு நடக்கவைக்கக் கூடாது என்பதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நுனிக்காலில் நடப்பதுதான் அவனைச் சாயாமல் நிறுத்துகிறது, அதைத் தடுத்தால் விழுவான். வாரத்துக்கு நான்கைந்து நாளாவது விடாமல் செய்ய வேண்டிய இந்த வேலையை எந்த மையமும் நமக்காகச் செய்யாது. செய்முறையைச் சரிபார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் போதும், அவர் வட்டார வள மையத்தவராக இருந்தாலும் சரி, கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருபவராக இருந்தாலும் சரி. சக்கர நாற்காலி, உட்காரும் முறை போன்றவற்றை ஒரே நாளில் விரிவாக மதிப்பிட வேண்டுமானால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஒரு நாள் போய் வரலாம்.

தூரத்தைப் பற்றி மழைக்காலம் எங்களுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணையும் கரைபுரண்டபோது, இரு ஊருக்கும் இடையிலான போக்குவரத்து தடைப்பட்டது. எங்களிடம் நான்கு நாளுக்கு மட்டுமே ஸ்டீராய்டு மாத்திரை இருந்தது. அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருந்துச் சீட்டை வைத்து உள்ளூரில் வாங்கிச் சமாளித்தோம். அதிலிருந்து ஒரு மாதத்துக்கான மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கிறது. பள்ளியிலும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறோம்: பையன் ஸ்டீராய்டு எடுப்பவன், தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ எலும்பு முறிந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி மருந்து கூடாது, விளையாட்டு வகுப்பில் ஓடவைக்கக் கூடாது, ஆனால் மரத்தடியில் தனியாக உட்காரவைக்கவும் கூடாது. கடைசி வரியை உடற்கல்வி ஆசிரியர் தானாகவே புரிந்துகொண்டு, கபடிக்குப் புள்ளி எழுதும் வேலையைக் கொடுத்திருக்கிறார். ஆட்டத்தில் தகராறு வந்தால் பையன் சொல்வதே தீர்ப்பு.

ஆகவே நாங்கள் கடலூரிலேயே இருக்கிறோம். அன்றாடம் தேவைப்படுவது எண்ணூறு அடியில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது கோரிமேட்டில் இருக்கிறது. வேறு குடும்பத்துக்கு இது வேறாக அமையலாம். பிள்ளைக்குப் பேச்சிலும் அறிவுத்திறனிலும் கூடுதல் உதவி வேண்டுமென்றால், அல்லது வீட்டருகே உள்ள பள்ளி மாடியை விட்டு இறங்கி வரவே மறுத்தால், புதுச்சேரியே சரி என்று நானே சொல்வேன்.

எங்களுக்கு அடுத்த கேள்வி ஆறாம் வகுப்பில் வருகிறது. உயர்நிலைப் பள்ளி முக்கால் கிலோமீட்டர், அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற சனிக்கிழமை அளவு நாடாவோடு அங்கே போனேன். வகுப்பறைக் கதவு 90 சென்டிமீட்டர், நாற்காலி தாராளமாகப் போகும். கழிப்பறைக் கதவு 68. நாற்காலியின் அகலம் 63. சக்கரத்தைத் தள்ளும் கை விரலுக்கு இரண்டு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. கதவு நிலையை மாற்றித் தர விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி திறக்க ஏழு மாதம் இருக்கிறது.